எஞ்சின் ஓடுது... புத்தகம் எங்கே?

உப்பளம் முதல் வள்ளம் வரை: பழைய மிஷினுக்கு "மேனுவல்" தேடுவது எப்படி?

தூத்துக்குடி:
மே மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உப்பு விளையும் நேரம். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் திடீரென்று நின்று விடுகிறது.

மெக்கானிக் வருகிறார். எஞ்சினைக் கழற்றிப் பார்க்கிறார்.

"வால்வுக்கு எவ்வளவு இடைவெளி விடணும்? புஸ்தகம் இருக்கா, அண்ணாச்சி?"

"புஸ்தகமா? அது எங்க அய்யா காலத்துலேயே கரையான் அரிச்சுப் போச்சு!"

உப்பளத்தில் மட்டும் கேட்கிற பேச்சு அல்ல இது. விசைப்படகு, வள்ளம், மாவு மில், அச்சகம், தையல் கடை என்று எங்கே போனாலும் இதே கதைதான். மிஷின் இருக்கும். அதோடு வந்த புத்தகம் இருக்காது.

குட்டிச் சக்கரம்

"புத்தகம் இல்லாவிட்டால் என்ன? மெக்கானிக்குக் கைப்பழக்கம் இருக்கிறதே" என்று கேட்கலாம். ஒரு உதாரணம் பாருங்கள்.

"லிஸ்டர்" எஞ்சினைத் தெரியாதவர்கள் குறைவு. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1930 வாக்கில் இருந்து 1987 வரை செய்தார்கள். நிமிடத்துக்கு 650 சுற்றுதான். மெதுவாக ஓடும். ஆனால் காலத்துக்கும் உழைக்கும். இதைப் பார்த்து குஜராத்தின் ராஜ்கோட்டில் "லிஸ்டர் மாடல்" என்று நகல் செய்து நாடெங்கும் விற்றார்கள்.

பழைய லிஸ்டர் எஞ்சினின் தலைப்பகுதியில் கையால் திருகுகிற சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது அதை உள்ளே முறுக்க வேண்டும். அழுத்தம் கூடும். எஞ்சின் சட்டென்று பிடிக்கும். முழு லோடு ஏறிய பிறகு வெளியே திருகி விட வேண்டும்.

புத்தகம் பார்த்தவருக்கு இது தெரியும். பார்க்காதவருக்கு அது எதற்கோ வைத்த சக்கரம்! அழுத்தம் குறையாமலே முழு லோடில் நாள் கணக்கில் ஓடினால் எஞ்சினுக்குத்தான் கேடு. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் போய்விட்டால், அவரோடு அந்த விவரமும் போய்விடுகிறது. நல்ல எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

முத்துக்கு மட்டும் புத்தகம்!

இதில் ஒரு வேடிக்கை.

தூத்துக்குடி கடலில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதோடு சரி. தொழில் நின்று 60 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்தத் தொழிலின் விவரப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன!

இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களைப் பற்றி ஹெர்ட்மேன் 1903 முதல் 1906 வரை 5 பாகமாக எழுதினார். நம் பக்கத்துப் பார்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1905-ல் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1914-ல் சங்கு பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். அந்த நிலையம் 1987-ல் வெளியிட்ட முத்து வளர்ப்புப் புத்தகத்தை இன்று செல்போனிலேயே காசில்லாமல் படிக்கலாம்.

ஆக, நின்றுபோன தொழிலுக்குப் புத்தகம் இருக்கிறது. ஓடுகிற எஞ்சினுக்கு இல்லை! காரணம், அரசாங்க அறிக்கையை நூலகத்தில் வைத்தார்கள். எஞ்சின் புத்தகத்தை டூல்ஸ் பெட்டியில் எண்ணெய்த் துணியோடு போட்டு விட்டார்கள்.

தகட்டைப் பாருங்கள்

சரி, தேடுவது எப்படி?

முதலில் எஞ்சின்மேல் உள்ள பித்தளைத் தகட்டைத் துடையுங்கள். பெயின்ட் அடித்திருந்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். மாடல், சீரியல் நம்பர், குதிரை சக்தி, சுற்று வேகம் எல்லாம் அதில் இருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். நம்பர் இல்லாமல் தேடுவது, விலாசம் இல்லாமல் ஆளைத் தேடுவது போலத்தான்.

அடுத்து, கம்பெனி யார் கைக்குப் போனது என்று பாருங்கள். கம்பெனி மூடினாலும் பெரும்பாலும் பெயர்தான் மாறியிருக்கும். லிஸ்டர் 1986-ல் பெட்டரோடு சேர்ந்து "லிஸ்டர் பெட்டர்" ஆனது. இத்தாலியின் லம்பார்டினி 2007-ல் அமெரிக்காவின் கோலர் கம்பெனி வசம் போனது. புதுப் பெயரில் கேட்டால் பழைய புத்தகம் கிடைக்கக் கூடும்.

நகல் மிஷினுக்குப் புத்தகம் கிடைக்காவிட்டால், அசல் மிஷினின் புத்தகத்தைத் தேடுங்கள். பெரும்பகுதி ஒத்துப் போகும். ஆனால் அளவுகளை அனுபவசாலி மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

"மேனுவல்" கிடைக்கவில்லை என்றால் "ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட்" தேடலாம். எந்தப் பாகம் எங்கே உட்காருகிறது என்பது படத்தோடு அதில் இருக்கும்.

25 ஆயிரம் புத்தகம் தப்பியது

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் பழைய மேனுவல் மட்டுமே விற்கிற கடை ஒன்று இருந்தது. 2015-ல் அதைக் காலி செய்யும் நிலை. சுமார் 25 ஆயிரம் புத்தகங்கள் குப்பைக்குப் போக இருந்தன. விஷயம் தெரிந்து ஊர் பேர் தெரியாத தொண்டர்கள் ஓடி வந்து, பெட்டி பெட்டியாகக் கட்டிக் காப்பாற்றினார்கள். "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற இலவச இணைய நூலகத்தைச் சேர்ந்தவர் முன்னின்று செய்த வேலை இது. அந்த நூலகத்தில் பழைய மேனுவல்களை யாரும் தேடிப் பார்க்கலாம்.

சில இணையதளங்கள் "இலவசம்" என்று அழைத்து விட்டு, கார்டு நம்பர் கேட்கும். உஷார்! உடனே வெளியே வந்து விடுங்கள்.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" இணையதளம் தொடங்கியது. கார், டிராக்டர், செல்போன், வீட்டு உபயோகச் சாமான்கள் செய்யும் கம்பெனிகளின் பழுது பார்க்கும் விவரங்களை அதில் தேடலாம். ஆனால் தாத்தா காலத்து எஞ்சினுக்கு அது கை கொடுப்பது சிரமம். அதற்கு நாம்தான் பொறுப்பு.

உங்கள் பரணில் இருக்கா?

எனவே பரணில், பட்டறை மூலையில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தடவை பாருங்கள். அட்டை கிழிந்த புத்தகம் கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். ஒரு பிரதி மெக்கானிக்குக் கொடுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

வயதான மெக்கானிக் சொல்வதையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மே மாதம் எஞ்சின் நின்றால் அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.