பூனைக்கு இன்சுலின்: கணக்கு வைக்க எக்ஸெல்

எங்கள் பூனை மீனுவுக்குச் சர்க்கரை நோய். 12 மணி நேரத்திற்கு ஒரு முறை 1 யூனிட் இன்சுலின் போட வேண்டும். ஒரு நாள் மாலை அம்மா ஊசி போட்டது தெரியாமல், ஆபீஸிலிருந்து வந்த நானும் போட்டுவிட்டேன். இரவில் மீனு தள்ளாடியது. ஈறில் தேனைத் தடவி டாக்டரிடம் ஓடினோம். பிழைத்துக்கொண்டது.

மறுநாளே எக்ஸெலில் ஒரு ஷீட் தயாரித்தேன். தேதி, நேரம், ரத்தச் சர்க்கரை, யூனிட், போட்டவர் என 5 நெட்டு வரிசைகள் போதும். தேதிக்கான செல்லில் கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்துங்கள்; அன்றைய தேதி வந்துவிடும். அடுத்த செல்லில் ஷிப்ட் கீயையும் சேர்த்து அழுத்தினால் நேரம் கிடைக்கும். நவ் பங்ஷனை இங்கே பயன்படுத்தாதீர்கள். பைலைத் திறக்கும்போதெல்லாம் அது புதிய நேரத்திற்கு மாறிவிடும். நமக்கு வேண்டியது ஊசி போட்ட நேரம் அல்லவா?

போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அந்த வேளை ஊசியையே விட்டுவிடச் சொன்னார் டாக்டர். ஒரு வேளை தவறினால் சமாளிக்கலாம். இரண்டு முறை போட்டால் உயிருக்கே ஆபத்து. சிரிஞ்சிலும் கவனம் தேவை. யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். எனவே மருந்தின் வகைக்கும் ஒரு வரிசை சேர்த்திருக்கிறேன்.

மவுஸைத் தொடவே பயந்த அம்மா, இப்போது ஆபீஸுக்குப் போன் செய்து, "7.05க்கு என்ட்ரி போட்டாச்சுடா" என்கிறார்.