தாயியும் பிளேடும்

பீகார், ராஜஸ்தான் கிராமங்களில் பிரசவம் பார்க்கும் பெண்ணுக்குத் ‘தாயி’ என்று பெயர். நம் ‘தாய்’ போலவே ஒலிக்கிறது. அனுபவம் உள்ளவர்தான். ஆனால் முன்பு பல வீடுகளில் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்தார்கள். புண்ணில் சாணம் தடவினார்கள். ஏழாம் நாள் பிள்ளை பால் குடிக்காது. உடல் விறைக்கும். பேய் என்றார்கள். பேய் அல்ல, ரண ஜன்னி. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி வந்தது. தாயிகளும் புது பிளேடு பிடிக்கக் கற்றார்கள். 2015-க்குள் இந்த நோய் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது.

தாய்க்கு ரத்தம் கொட்டினால்? அதைப் பிளேடு நிறுத்தாது. கருப்பை சுருங்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். ஊசி வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டும். தாயியிடம் இவை ஏது? அவரைத் திட்டிப் பயன் இல்லை. வலி எடுத்ததும் வண்டியை அழையுங்கள். தாயியையும் கூட்டிப் போங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.