இட்லி மாவு புளிப்புத் தாமதம்

இட்லி மாவு புளிப்புத் தாமதம் என்பது அரைத்து வைத்த இட்லி மாவு வழக்கமான நேரத்தில் பொங்காமலோ புளிக்காமலோ இருக்கும் நிலை ஆகும். இது பெரும்பாலும் நொதித்தலின் வேகம் குறைவதால் ஏற்படுகிறது. மாவு கெட்டுவிட்டது என்பது இதன் பொருளன்று. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட வட தமிழகச் சமவெளிப் பகுதிகளில், கோடையில் ஓர் இரவுக்குள் பொங்கி வழியும் மாவு, இரவு வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு இறங்கும் மார்கழி, தை மாதங்களில் விடிந்த பின்பும் பொங்காமல் இருப்பதுண்டு.

நொதித்தல் நடைபெறும் முறை

பியர் மதுவில் நொதித்தலைச் செய்வது ஈஸ்ட். இட்லி மாவில் முதன்மைப் பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது. இவற்றுள் லியூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் குறிப்பிடத்தக்கது. இவை வெளியிலிருந்து சேர்க்கப்படுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ளன. இவை சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வளிமத்தையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது. வளிமம் உளுந்தின் கொழகொழப்பில் சிக்கி மாவை உப்பச் செய்கிறது. புளித்து முடியும்போது மாவின் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்) ஏறத்தாழ 6-இலிருந்து 4.5 அளவுக்குக் குறைகிறது.

காரணங்கள்

* குளிர்: இந்த பாக்டீரியாக்களுக்கு ஏறத்தாழ 30 பாகை ஏற்றது. 20 பாகையில் அவை இறப்பதில்லை, மெதுவாகவே பெருகும்.
* மிகை வெப்பம்: மின் அரைப்பானில் நெடுநேரம் அரைக்கும்போது மாவு சூடேறினால் பாக்டீரியாக்கள் பாதிக்கப்படலாம்.
* மிகையான உப்பு: சிறிதளவு உப்பு தடையாவதில்லை, அளவு மிகுந்தால் வேகம் குறையும்.
* பழைய உளுந்து: இதில் கொழகொழப்புக் குறைவாக இருந்தால், மாவு புளித்தும் உப்பாமல் போகும்.

கடைசியாகக் கூறப்பட்ட நிலையை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மாவில் புளிப்பு மணம் இருந்தால் நொதித்தல் நடந்துள்ளது. வளிமம் மட்டுமே தங்கவில்லை. பியரிலும் இத்தகைய குழப்பம் உண்டு. குமிழிகள் நின்றதைக் கொண்டு நொதித்தல் முடிந்தது எனக் கருதி, சர்க்கரை மீந்திருக்கும் பியரைப் புட்டியில் அடைத்தால், நொதித்தல் மீண்டும் தொடங்கிப் புட்டி வெடிக்கக்கூடும். ஆகவே அங்கு அடர்த்தியை அளந்தே முடிவு செய்கின்றனர்.

தீர்வுகள்

குளிரால் தாமதமான மாவை வெதுவெதுப்பான இடத்தில் மேலும் சில மணி நேரம் வைத்தால் போதுமானது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகே வைத்தல், கனத்த துணியால் சுற்றுதல், முன்பு புளித்த மாவில் ஒரு கரண்டி கலத்தல் ஆகியவை வழக்கிலுள்ள முறைகள். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைப்பதும் உதவும். பாத்திரத்தில் மாவு உப்ப இடம் விடுதல் வேண்டும்.

சமையல் சோடா இட்லியை உப்பச் செய்யும். ஆனால் மாவைப் புளிக்கச் செய்யாது. அது இருக்கும் அமிலத்தையும் நடுநிலையாக்கிவிடும்.

பாதுகாப்பு

அமிலமே தீய நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. எனவே நெடுநேரம் புளிக்காமல் வெளியில் கிடந்த மாவில் அத்தடை குறைவு. துர்நாற்றம், பூஞ்சை, இளஞ்சிவப்பு அல்லது கரும்புள்ளிகள் தோன்றிய மாவைச் சூடேற்றி மீட்க முயலாமல் கொட்டிவிடுதல் வேண்டும். நன்கு புளித்த மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நொதித்தல் மெதுவாகும், முற்றிலும் நிற்பதில்லை.