தலைக்கவசமும் பெயர்ப்பதிவும்: ஒரு போர்ப்பொருளின் உடைமையாளனைத் தேடுதல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இரும்புத் தலைக்கவசங்கள் இன்று சேகரிப்பாளர் சந்தையில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றை வாங்குவோர் எழுப்பும் முதல் வினா, 'இதனை முதலில் அணிந்திருந்தவன் யார்?' என்பதாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொழுதுபோக்காளரின் ஆர்வமாக மட்டுமே தோன்றும். ஆயின், அவ்வினாவுக்குச் சிலபோது விடை கிடைப்பதும் பெரும்பாலும் கிடையாமற் போவதும் எக்காரணங்களால் என்று ஆராயப்புகின், யாருடைய பெயரை எழுதிவைப்பது என்பதை எவர் தீர்மானித்தனர் என்ற வரலாற்றுப் பிரச்சினைக்கே வந்துசேர்கிறோம்.

புத்தளம் மாவட்டத்து மாம்புரியை உதாரணமாகக் கொள்வோம். பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில், நுரைச்சோலைக்கு அண்மையில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்றரையில் அமைந்த ஊர் அது. போர்க்காலத்தில் பாலாவியில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமொன்று இயங்கியது. நிலத்திலுள்ள தளங்களுக்கும் கப்பற்பெயர் சூட்டுவது அக்கடற்படையின் வழக்கம். இதற்கு 'ராஜாளிய' எனச் சிங்களப் பெயரொன்று சூட்டப்பட்டது. அங்கே கோர்செயர் போர்விமானங்களை இழுத்து நகர்த்த யானைகள் பயன்பட்டன. படைப்பட்டியலில் இடம்பெறாத உழைப்பும் போருக்குத் தேவைப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்தகைய கரையில், ஒரு வீட்டுக் கொல்லையிலோ பழைய இரும்பு வியாபாரியிடமோ தலைக்கவசமொன்று அகப்படுமாயின், அதனை எவ்வாறு வாசிப்பது?

முதலில் பொருளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 1915இல் ஜோன் பிரோடி என்பவர் காப்புரிமை பெற்ற வடிவமே பிரித்தானியத் தலைக்கவசத்தின் மூலம். கவிழ்த்த தட்டுப் போன்ற உருவம். பதுங்குகுழியில் நிற்பவன்மீது மேலிருந்து சிதறும் குண்டுத் துண்டுகளைத் தடுப்பதே அதன் நோக்கம். ஹாட்பீல்டின் மங்கனீசு உருக்குத் தகட்டை ஒரே அழுத்தில் வளைத்து அதனைச் செய்தனர். 1938இல் உள்வரியும் நாடியும் மாற்றப்பட்டு 'இரண்டாம் வகை' வந்தது. ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறையுடைய இவ்வகையே இலங்கையில் நிலைகொண்ட பிரித்தானிய, பொதுநலவாயப் படைகளின் தலையில் இருந்தது.

விளிம்பின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தால் சில எழுத்துக்களும் ஓர் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவை தொழிற்சாலையின் சுருக்கப்பெயரும், உற்பத்தியாண்டும், உருக்கு வார்ப்பின் தொகுதி இலக்கமும் ஆகும். 'பி. எம். பி.' என்றால் பிரிக்ஸ் மோட்டர் பொடீஸ், 'ஜே. எஸ். எஸ்.' என்றால் ஜோசப் சாங்கி நிறுவனம். பின்விளிம்பில் மூன்று துளைகள் இருப்பின் அது தென்னாபிரிக்காவிற் செய்யப்பட்டது. உள்வரியில் அளவும், அதனைத் தைத்த வேறொரு நிறுவனத்தின் பெயரும் இருக்கும். இவற்றைக் கொண்டு பொருள் பிறந்த இடத்தையும் ஆண்டையும் ஐயமின்றிக் கூறிவிடலாம். மனிதனைக் கூற முடியாது. துப்பாக்கிக்கு இலக்கம் உண்டு. எந்தத் துப்பாக்கி எவன் கையில் என்று எழுதிவைக்க வழியுண்டு. தலைக்கவசத்துக்குத் தனியிலக்கம் இல்லை. தொகுதி இலக்கம் உருக்கின் தரத்தைச் சோதிப்பதற்கானது, அணிந்தவனைக் குறிப்பதன்று. உருக்கில் நிலைபெற்றிருப்பது மூலதனத்தின் முகவரி என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மனிதனின் முகவரி மையாலும் வர்ணத்தாலும் எழுதப்படுவது. நாடியிலோ உள்வரியிலோ தன் பெயரையும் சேவை இலக்கத்தையும் சிப்பாய் தானே எழுதிக்கொள்வான். வியர்வையும் உப்புக்காற்றும் அதனை அழிக்கும். பெயரைக் காட்டிலும் இலக்கமே ஆராய்ச்சியாளனுக்குப் பயன்படுவது. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம்; 1920இன் பின்னர் பிரித்தானியத் தரைப்படையின் ஒவ்வொரு பிரிவுக்கும் இலக்கத் தொகுதிகள் வகுக்கப்பட்டமையால், இலக்கத்தைக் கண்டவுடன் அவன் முதலிற் சேர்ந்த பிரிவை ஊகிக்கலாம். 721001 முதல் 1842000 வரை பீரங்கிப் படைக்கு உரியவை. பின்னர் ஆவணச்சாலைகளை நாடலாம். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடமிருந்த ஏறத்தாழ 97 இலட்சம் சேவைக்கோவைகளைத் தேசிய ஆவணச்சாலைக்கு மாற்றும் பணி 2022இல் தொடங்கியது. முதலாம் உலகப் போரின் சாதாரணச் சிப்பாய்களது கோவைகளிற் பெரும்பகுதியோ 1940 செப்டெம்பரில் இலண்டன்மீது வீழ்ந்த குண்டில் எரிந்துபோயிற்று.

இரு எச்சரிக்கைகள் அவசியம். ஒரு தலைக்கவசம் பலருக்கு அடுத்தடுத்து வழங்கப்படுவதுண்டு. ஒரு பெயரின்மேல் மற்றொரு பெயர் எழுதப்பட்டிருப்பின் இறுதியாக எழுதியவன் முதலில் அணிந்தவன் அல்லன். மற்றது, பெயருள்ள தலைக்கவசத்துக்குப் பெயரற்றதைவிட விலை அதிகம் என்பதால், சந்தைக்கு வருமுன் பெயர்கள் புதிதாய்ப் பிறக்கின்றன. புகழ்பெற்ற படையணியின் சின்னம் பழைய துருவின்மேல் படிந்திருந்தால் ஐயுறவே வேண்டும். பயன்மதிப்பை இழந்த பொருளுக்கு மாற்று மதிப்பை ஊட்டுவது இறந்தவனின் பெயரே. அதனையும் போலியாகச் செய்து விற்கச் சந்தை தயங்கவில்லை.

இனி, இலக்கமும் பெயரும் தெளிவாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் தேடல் எல்லோர்க்கும் ஒரே தூரம் செல்வதில்லை. 1942இல் அவுஸ்திரேலியாவின் இரு படையணிகள் இலங்கையில் நின்றன. அவற்றைச் சேர்ந்த ஒருவரது கோவையை அந்நாட்டுத் தேசிய ஆவணச்சாலையிற் பெறலாம். 1943இல் வந்த 11ஆம் கிழக்காபிரிக்கப் படைப்பிரிவைச் சேர்ந்தவனுக்கு இவ்வாய்ப்பு மிகக் குறைவு. கென்யாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த 'கெடீவ் இஸ்மாயில்' என்ற துருப்புக்காவிக் கப்பல் 1944 பெப்ரவரி 12ஆம் திகதி யப்பானிய நீர்மூழ்கியாற் தாக்கப்பட்டு மூழ்கியபோது 1,297 பேர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். அவர்களின் பெயர்கள் நைரோபியிலுள்ள நினைவுச்சின்னத்தில் உள்ளன. அதற்கு முந்திய போரில் இந்த அளவும் நிகழவில்லை. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் நியமித்த குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதலாம் போரில் மாண்ட ஆபிரிக்கரும் மத்திய கிழக்கினருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை. சிலர் எவ்விதத்திலும் நினைவுகூரப்படவில்லை. பெயர்கள் தற்செயலாய்த் தொலைந்தன என்று கூற அவ்வறிக்கை இடந்தரவில்லை. 'இவர்களுக்குத் தனிக்கல்லறை எதற்கு?' என்ற குடியேற்றவாத நிருவாகிகளின் மனோபாவமும் அதற்குக் காரணமாயிற்று.

மறுதலையான சான்றும் உண்டு. முதலாம் போரிற் பங்குகொண்ட ஏறத்தாழ 3,20,000 பஞ்சாபியரின் விபரங்கள் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அரும்பொருளகத்திற் கிடந்தன. பயன்படுத்துவாரின்றி 97 ஆண்டுகள் கழிந்த பின், 2021இலேயே அவை பொதுமக்கள் பார்வைக்கு வரத்தொடங்கின. ஏகாதிபத்தியம் எழுதாமலும் விட்டது. எழுதியதைத் திறக்காமலும் வைத்திருந்தது.

நமது நாட்டில் இப்பிரச்சினை விசித்திரமான வடிவம் கொள்கிறது. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைக் காவற் பீரங்கிப் படையினர் சிலர் பிரித்தானிய அதிகாரிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கௌடர், ஜீ. பீ. டி சில்வா ஆகிய மூவரும் அதே ஆண்டு ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டுப் பெயர்க்கல் இன்றிப் புதைக்கப்பட்டனர். அடங்கிநடந்த எத்தனையோ இலங்கைச் சிப்பாய்களைக் காட்டிலும் இவர்களைப் பற்றி நாம் அதிகம் அறிவோம். படை நீதிமன்றம் அவர்களது சொற்களை எழுதிக்கொண்டதே காரணம். தண்டிப்பதற்காக எழுதப்பட்டதே இன்று அவர்களின் நினைவேடாய் நிற்கின்றது.

இலக்கிய மாணவர்க்கு இவ்விடத்தில் நடுகல் நினைவுக்கு வரும். தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள் என அதன் படிகளை வகுத்துரைக்கிறது. 1972இல் நூலுருவில் வந்த செங்கம் நடுகற்களை வாசிப்போர் ஒன்றை அவதானிப்பர்: முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும்; அடுத்துப் பெரும்பாலும் வீரன் யாருடைய சேவகன் என்பது; அதன்பின்னரே நிரைமீட்டு மாண்டவன் பெயர். அவன் பெயரையாவது கல் தாங்கிற்று. தலைக்கவசத்தில் அரசின் அம்புக்குறியும் முதலாளியின் முத்திரையும் இருக்க, மூன்றாமிடம் வெறுமையாய் விடப்பட்டது. சட்டப்படி நோக்கின் அத்தலைக்கவசத்தின் முதல் உடைமையாளன் பிரித்தானிய முடியே. சிப்பாய் அதனை இரவல் பெற்றவன். இழந்தால் அதன் விலை அவன் சம்பளத்திற் கழிக்கப்படலாம்.

ஆகவே மாம்புரியில் அத்தகைய பொருள் அகப்பட்டால் உப்புத்தாளால் தேய்த்து மினுக்கலாகாது. துருவோடு எழுத்தும் போய்விடும். நாடியையும் உள்வரியையும் கழற்றாமல், சாய்ந்த ஒளியில் படமெடுக்க வேண்டும். கிடைத்த இடம், ஆழம், அருகிற் கிடந்தவை குறிக்கப்பட வேண்டும். அதனைக் கொண்டுவந்து தருபவரிடம், அது அவ்வீட்டில் இத்தனை ஆண்டுகள் எதற்குப் பயன்பட்டது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது, விமானத்தளத்தில் வேலைசெய்த உறவினர் எவரேனும் இருந்தனரா என்று கேட்டு, அவர் சொல்லும் பெயர்களை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இலண்டனுக்குக் கடிதம் எழுதுவது அதன் பின்னர்.