உழவு இயந்திரத்தின் பின்சில்லு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, நாற்பது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் அமைந்துள்ள திரியாய்க் கிராமத்தை, அங்குள்ள குன்றின்மீது நிற்கும் கிரிகண்டு சைத்தியத்திற்காகவும், பல்லவ கிரந்த லிபியில் பாறையிற் பொறிக்கப்பட்ட சமஸ்கிருதச் சாசனத்திற்காகவும் சரித்திர ஆராய்ச்சியாளர் நன்கு அறிவர். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ திரியாய் என்றால் முதலில் நினைவுக்கு வருவன குளமும் வயலுமே. 1985ஆம் ஆண்டின் வன்செயலில் வீடுகள் தீக்கிரையாகி, ஊரே இடம்பெயர்ந்து, நெடுங்காலம் அகதி வாழ்க்கை வாழ்ந்த பின் திரும்பி வந்த குடும்பங்கள், பற்றைக்காடு மண்டிக் கிடந்த காணிகளை வெட்டித் துப்புரவு செய்து மறுபடியும் உழவுக்குக் கொண்டுவந்தன. அவ்வாறு திருத்தப்பட்ட நிலத்தில், மேலே வெட்டி அகற்றிய மரத்தின் அடிக்கட்டை மண்ணுக்குள் வெகுகாலம் மறைந்து கிடக்கும். கலப்பை அதைச் சந்திக்கும் முன்பே உழவு இயந்திரத்தின் சில்லு அதைச் சந்தித்துவிடுகிறது.

காலபோக மழை ஐப்பசியில் இறங்கி, மண் பதம் கண்டு, இன்றைக்கே புழுதி புரட்டாவிட்டால் நாளைக்குச் சேறாகிவிடும் என்ற நிலையில், பின்சில்லின் ரயர் கிழிந்து இயந்திரம் வயலின் நடுவே சாய்ந்து நிற்குமானால், கமக்காரருடைய மனத்தில் எழும் முதற் கேள்வி, இதை ஒட்டி ஓட்டலாமா, அல்லது பட்டினத்துக்குப் போய்ப் புதியது வாங்கத்தான் வேண்டுமா என்பதே. பெரிய ரயர் ஒன்றின் விலை சிறு கமக்காரரின் ஒரு போகத்து மிச்சத்தை விழுங்கிவிடக் கூடியது. ஆகையால் ஒட்டிவிடலாம் என்று மனம் சாய்வது இயல்பு. ஆனால் இந்தத் தீர்மானத்தைப் பணப்பையும் அவசரமும் செய்யக் கூடாது. ரயரின் உட்புறத்தைப் பார்த்த கண்ணே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ரயர் என்பதை இறப்பர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அதன் பலமெல்லாம் இறப்பருக்குள்ளே அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் இழைகளில் இருக்கிறது. முற்காலத்தில் பருத்தி நூலாக இருந்த அவ்விழை, பின்பு ரேயோனாகி, இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் நைலோனாக மாறியது. இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து அமைந்தது பழைய வகை. நம் வயல்களில் அதுவே பெரும்பான்மை. இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்வது ரேடியல் வகை. றிம்மைக் கவ்விப் பிடிக்கும் விளிம்பிலே உருக்குக் கம்பிக் கட்டு ஒன்று வளையமாக ஓடுகிறது. இழை எலும்பானால் இறப்பர் அதை மூடிய தோல். தோலிற் பட்ட கீறலுக்கும் எலும்பிற் பட்ட முறிவுக்கும் ஒரே மருந்து போட முடியாது.

எனவே, வெளியே தெரியும் வெட்டின் நீளத்தைக் கொண்டு எதையும் நிர்ணயிக்க இயலாது. ஒரு சாண் நீளத்துக்குப் பல்லின் ஓரம் பிய்ந்து தொங்கினாலும் இழை தொடப்படாதிருக்கலாம். கட்டைவிரல் புகாத சிறு துவாரத்தின் பின்னே மூன்று அடுக்கு இழை அறுந்திருக்கவும் கூடும். ரயரை றிம்மிலிருந்து கழற்றி, ரியூப்பை வெளியே எடுத்து, உட்புறத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, உள்ளங்கையால் சுற்றிவரத் தடவிப் பார்க்க வேண்டும். கையில் மாவு போன்ற கரிய இறப்பர்த் தூள் ஒட்டினாலோ, உட்சுவரைச் சுற்றிலும் மடிப்பு விழுந்த தடம் வளையமாகத் தென்பட்டாலோ, அந்த ரயர் காற்றில்லாமல் பாரத்தோடு ஓட்டப்பட்டிருக்கிறது என்று அறியலாம். அவ்வாறு நசுங்கி அரைபட்ட ரயருக்குச் சிகிச்சையில்லை. காற்று இறங்கியதை அறிந்தும், “வரம்பு வரைக்கும் போய்விடலாம்” என்று ஓட்டியதனால் பழுதான ரயர்கள், முள்ளாலும் கட்டையாலும் பழுதானவற்றிலும் குறைந்தவையல்ல.

பல்லுக்கும் பல்லுக்கும் இடையே தரையில் படும் பாகத்தில், ஆணியோ விடத்தல் முள்ளோ ஏறிய துவாரமானால் யோசனையே வேண்டாம், ஒட்டலாம். பக்கச்சுவரில் பட்ட காயமே வாதத்திற்குரியது. காரின் ரயரில் பக்கச்சுவர்க் காயத்தை ஒட்டக் கூடாதென்பது பொதுவிதி. அது வேகமாக ஓடும் சில்லு, அதன் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. உழவு இயந்திரம் வயலில் மனிதன் நடக்கும் வேகத்தைச் சற்றே மிஞ்சிய வேகத்தில் ஊர்வதால், அதன் ரயரில், காயம் விளிம்புக் கம்பிக்கு அண்மையில் இல்லாதிருந்து, அறுந்த இழைகளும் சிலவேயானால், தேர்ந்த கைக்காரர் பக்கச்சுவரையும் சீர்செய்து தர முடியும்.

அந்த வேலையின் கிரமத்தை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்குத்தான் நல்ல ஒட்டுக்கும் கள்ள ஒட்டுக்கும் உள்ள பேதம் புரியும். முதலில் காயத்தின் ஓரங்களைக் கூரிய கத்தியால் வெளிநோக்கி அகலும் புனல் வடிவில் செதுக்கிக்கொண்டே போவார்கள். கிழிந்து நைந்த இறப்பரும் பிரிந்த இழையும் முற்றாக நீங்கி, கெட்டியான பாகம் தெரியும் வரையில் கத்தி நிற்பதில்லை. செதுக்கச் செதுக்கக் காயம் பெரிதாவதைக் கண்டு உரிமையாளர் பதைபதைப்பார். ஆயினும் சிதைந்ததை உள்ளே விட்டு மூடினால், சேற்று நீர் இழைவழியே ஊறி அடுக்குகளைப் பிரித்துவிடும். பின்னர் உட்புறத்தை அராவிச் சொரசொரப்பாக்கி, தூசி நீக்கி, பசை பூசி, அது ஒட்டும் பதத்துக்கு உலரும்வரை பொறுத்திருந்து, குழியைப் பச்சை இறப்பரால் நிரப்பி, உள்ளே இழை பொதிந்த ஒட்டினைப் பதித்து உருளையால் அழுத்துவார்கள். ரேடியல் ரயருக்கான ஒட்டிலே அம்புக்குறிகள் உண்டு. அவை விளிம்புக் கம்பியை நோக்கி நிற்க வேண்டும். மாறி ஒட்டினால் இழை இழுக்கும் திசையும் ஒட்டு தாங்கும் திசையும் வேறாகிவிடும். இறுதியாகச் சூடேற்றி வேகவைப்பது. 1839இல் சாள்ஸ் குட்இயர் கண்டறிந்த, கந்தகமும் வெப்பமும் சேர்ந்து இறப்பரை உறுதியாக்கும் அதே தத்துவம்தான் சாலையோரக் கடையின் சிறு அச்சிலும் நடைபெறுகிறது. தடித்த பாகம் உள்வரை வேகுவதற்கு நேரம் வேண்டும். அவசரப்படுத்துகிறவருக்கு அரைவேக்காட்டு ஒட்டே கிடைக்கும்.

இதற்கு மாறாக, கிழிந்த இடத்துக்குள் பழைய ரயர்த் துண்டொன்றைச் செருகி, அதன்மேல் ரியூப்பை வைத்துக் காற்றடித்துவிடும் பழக்கமும் உண்டு. வயலில் அகப்பட்ட இயந்திரத்தை வீடு சேர்ப்பதற்கு அது உதவும். அதையே சிகிச்சையாகக் கருதி ஒரு போகம் முழுவதும் ஓட்டினால், செருகிய துண்டின் ஓரம் ரியூப்பை உராய்ந்து உராய்ந்து அறுத்துவிடும்.

விளிம்புக் கம்பி முறிந்தாலும் வளைந்தாலும், பக்கச்சுவரில் கட்டி போல ஓரிடம் புடைத்தாலும், வெயிலில் வெடித்த கோடுகளின் அடியில் இழை கண்ணுக்குத் தெரிந்தாலும், முன்பு ஒட்டிய இடத்தின் மேலேயே மறுபடி கிழிந்தாலும், தயங்காமல் ரயரை விலக்கிவிட வேண்டும். மேலோட்டமான வெயில் வெடிப்பு மாத்திரமானால் அஞ்ச வேண்டியதில்லை. கம்பி கெட்ட ரயருக்குக் காற்றடிப்பது உயிரோடு விளையாடுவதாகும். நல்ல ரயரையும் றிம்மில் உட்காரவைக்கும்போது 35 இறாத்தல் அழுத்தத்தைத் தாண்டக் கூடாதென்று பெரும்பாலான உழவு இயந்திர ரயர்களின் பக்கச்சுவரிலேயே பொறித்திருக்கிறார்கள். அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, சவர்க்கார நீர் பூசி, மறுபடி முயல்வதே முறை. ரயர் பூட்டியிருக்கையில் றிம்மை ஒட்டவைக்க வெல்டிங் பிடிப்பது அதனிலும் பெரிய அபாயம். உள்ளே காற்று இல்லையென்றாலும், சூட்டில் எழும் ஆவி வெடித்து ஆட்களைக் கொன்றிருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம்மிடத்தில் உழவு இயந்திரம் உழுவதோடு நிற்பதில்லை. அறுவடையானதும் அதுவே பெட்டியைப் பூட்டி, நெல்மூட்டைகளை ஏற்றி, புல்மோட்டை வீதியில் கனரக வாகனங்களுக்கு இடையே ஓடுகிறது. வயலுக்குப் போதுமான ஒட்டு, வெயிலில் கொதிக்கும் தார்வீதிக்கும் பாரத்துக்கும் போதுமானதாக இராது. ஆகவே, ஒட்டும் கடைக்காரரிடம் இந்த இயந்திரம் வீதியில் பாரம் இழுக்குமா இல்லையா என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டே அவருடைய ஆலோசனையைக் கேட்க வேண்டும். பக்கச்சுவர் ஒட்டுப்போட்ட ரயரோடு பெட்டியின்மேல் ஆட்களை ஏற்றிச் செல்வதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

மாற்றுவதென்று முடிவானால், பழைய ரயரின் பக்கச்சுவரைப் படித்து அதே அளவை வாங்க வேண்டும். 12.4-28 என்றிருந்தால் ரயரின் அகலம் 12.4 அங்குலம், றிம்மின் விட்டம் 28 அங்குலம். நான்கு இலக்கங்களாகப் பொறித்திருப்பது பிறந்த காலம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் பல ஆண்டுகள் கிடந்த சரக்கைப் புதியதென்று எண்ணி வாங்காதிருக்க இது துணைசெய்யும். ஒருபுறம் பல் தேய்ந்த பழையதும் மறுபுறம் புத்தம் புதியதுமாகப் பூட்டினால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும். வசதியிருந்தால் சோடியாக மாற்றுவதே சிறப்பு.

ஆனால் புதிய ரயர் வேண்டும்போதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த நாற்றுக்களிலிருந்து வளர்ந்த இறப்பரை, 1952இல் செய்த ஒப்பந்தத்தின்படி சீனாவுக்குக் கொடுத்து அரிசி வாங்கிய தேசம் நம் இலங்கை. வெளிநாடுகளுக்குத் திட ரயர்களைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிற தேசமும் இதுவே. அப்படியிருந்தும், 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் ரயர் இறக்குமதி தடைப்பட்டபோது, தன் இயந்திரத்தின் அளவுக்கு ஏற்ற ரயர் கிடைக்காமல் கமக்காரர் அலைய நேர்ந்தது துக்ககரமானது. நல்ல ஒட்டுக்காரர் ஒருவர் அருகில் இருப்பதன் அருமையை அக்காலம் நன்றாக உணர்த்தியது.

விலக்கிய ரயரையும் இரு வகையாகப் பிரிக்க வேண்டும். பல் மட்டும் தேய்ந்து, இழையும் கம்பியும் பழுதின்றி இருக்குமானால், புதிய பல் வார்க்கும் பட்டறைக்கு அதை விற்கலாம், அது குப்பையல்ல. உள்ளுடல் கெட்டதை வேலியோரம் வீசினால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். அதற்கு இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வீட்டில் வைத்திருக்க வேண்டுமானால் கூரையின் கீழ் வையுங்கள், அல்லது தண்ணீர் நில்லாதபடி அடிப்பாகத்தில் பல துளைகள் இட்டுவிடுங்கள்.