தொற்றுநோய்க் காலத்திற் பாடசாலை காத்தல்

பாடசாலையைப் பூட்டுதல் எளிது. திறந்துவைத்துக் காத்தலே அரிது. மடுவை அண்டிய சிற்றூர்களிற் கற்பிக்கும் நாம் இவ்வுண்மையைக் கொரோனாத் தொற்றின்போது உணர்ந்தோம். 2020 மார்ச் 13 முதல் இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத காட்டோரக் குடிமனைகளிற் பிள்ளைகள் சிலர் கற்ற எழுத்தையும் மறந்தனர். திறப்பதும் மூடுவதுமாகக் காலங் கழிந்தபின், 2021 ஒக்டோபர் 21 இல், 200 மாணாக்கருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. ஆகவே, காக்கும் பொறுப்பு எம்போன்ற சிறு பாடசாலைகளின்மீதே முதற்கண் விழுந்தது.

வாயிலில் நீரும் சவர்க்காரமும் வைத்தோம்; மேசைகளை விலக்கி இட்டோம்; யன்னல்களை எந்நேரமுந் திறந்துவைத்தோம். ஆயினும், ஒருநாட் சிறுமியொருத்தி காய்ச்சலோடு வகுப்பில் அமர்ந்திருக்கக் கண்டோம். வினவியபோது, “வராவிட்டால் வரவுப் பரிசு கிடையாதே, சேர்” என்றாள். அப்பரிசை ஏற்படுத்தியவர் நாமே! நோயுற்ற பிள்ளையை வகுப்புக்கு அழைத்தவரும் நாமே என்பதை அன்று அறிந்து நாணினோம்.

கொரோனா தணிந்தாலும் இப்பாடம் பழையதாகவில்லை. 2019 இற் சின்னமுத்து ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்ட இலங்கையில், 2023 இல் அந்நோய் மீண்டுந் தலைகாட்டியது. சின்னமுத்து, மேனியிற் சிவந்த தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். நோயாளி நீங்கிய அறையின் காற்றிலும் அதன் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கும். ஆதலால், தடிப்பைக் கண்டபின் விழிப்பது காலந்தாழ்ந்த விழிப்பாகும். காய்ச்சலும் இருமலும் கண்ட அன்றே பிள்ளை வீட்டில் இருத்தல் வேண்டும். கொப்புளிப்பான் கண்ட பிள்ளையோ, கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்காகும் வரை வருதலாகாது.

முன்பள்ளிகளிற் கவனம் இருமடங்கு வேண்டும். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசி ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இடப்படுகிறது. முன்பள்ளியிற் சேரும் வயதும் அதுவே. சேர்க்கும்போதே தடுப்பூசிப் பதிவைப் பார்த்தல் ஆசிரியை கடன். ஆவணித் திருவிழாவுக்கு எத்திசை மக்களும் மடுவிற் கூடுவர். மக்கள் திரளுமிடத்தில் நோய்பரவ வழியுண்டு. ஆகவே விழா முடிந்து இரு வாரம் எம் கண் கூர்மையாக இருத்தல் நன்று. ஐயம் எழுந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடன் அறிவித்தல் வேண்டும்.

வரவுப் பரிசை நாம் நிறுத்திவிட்டோம். நோயால் வாராத பிள்ளைக்கு அன்றன்றைய பாடத்தை அயலாரிடம் எழுதி அனுப்புகிறோம். கூலிவேலைக்குச் செல்லும் தாய்க்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருத்தல் ஒருநாட் கூலியை இழத்தலாகும். அவ்வீட்டுக்கு அரிசியோ மருந்தோ உதவுவதும் பாடசாலையைக் காக்கும் பணியேயாம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள் தத்தம் ஊர்ப் பாடசாலைக்கு அவ்வுதவியைச் செய்வாராயின், அதுவே எம் கல்லூரித் தாய்க்குச் சூட்டும் விழா மாலையாகும்.