விளைபொருள்களைப் படம் பிடித்தல்: பின்னணியை எளிதில் நீக்கும் வழிகள்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் காட்டி விற்கும் வழக்கம் இன்னும் இருந்துவரினும், வாங்குவோர் முதலில் படத்தையே பார்க்கும் பழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது. மஞ்சள், பாரம்பரிய நெல், தேன், செக்கெண்ணெய் முதலியவற்றைத் தாமே பொட்டலமிட்டு விற்கும் குடியானவர்களுக்கு, லேபிளுக்கும் விலைப்பட்டியலுக்கும் பொருளின் படம் அவசியமாகிறது. பயிரில் நோய் கண்டால் இலையைப் படம் பிடித்து அனுப்பி யோசனை கேட்போரும் பலர். இவ்விரு காரியங்களுக்கும் பொருள் மாத்திரம் தனியே தெரியும்படி, பின்னாலுள்ள சுவர், பாய், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றைப் படத்திலிருந்து நீக்கவேண்டி நேரிடுகிறது.

இந்த வேலையை இக்காலத்தில் யந்திரமே சில விநாடிகளில் செய்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் ‘ரிமூவ்.பிஜி’ என்னும் இணையச் சேவை தோன்றியது. 2022இல் வெளியான ஐஓஎஸ் 16 முதல், ஐபோனில் படத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தாலே பொருள் தனியே பெயர்ந்து வருகிறது. ஆயினும், பொருள் இன்னது, பின்னணி இன்னது என்று நாம் அறிவதுபோல் யந்திரம் அறிவதில்லை. விளிம்பில் வர்ணமும் வெளிச்சமும் எவ்வளவு மாறுகின்றன என்பதையும், தான் முன்பு பழகிய உருவங்களையும் கொண்டே அது எல்லையை நிர்ணயிக்கிறது. எல்லை தெளிவாயிராத இடத்தில் பொருளின் ஒரு பகுதியை வெட்டித் தள்ளும். அல்லது பின்னணியில் சிறிது பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆகையால் வெட்டும் வேலையில் பாதியைப் படம் பிடிக்கும்போதே முடித்துவிடுதல் சிலாக்கியம்.

விளிம்பினால் வரும் நஷ்டம்

விளிம்பு சிறிது கெட்டால் என்ன என்று நினைத்தல் தவறு. நெற்பயிரில் பாக்டீரியா இலைக்கருகல் நோய், இலையின் நுனியிலும் ஓரங்களிலும் தொடங்கி, அலைபோன்ற எல்லையுடன் வைக்கோல் நிறமாகப் பரவுவது. அத்தகைய இலையைக் கோரைப்பாயின் மீதோ வைக்கோலின் மீதோ கிடத்திப் படம் பிடித்தால், காய்ந்த ஓரத்தையும் பாயென்றே எண்ணி யந்திரம் நீக்கிவிடக்கூடும். எஞ்சுவது பச்சையான நடுப்பாகமே. யோசனை கூறுபவர் நோயின் அடையாளத்தைக் காணாமல் வேறு மருந்தைச் சொல்லவும், பணமும் நாளும் வீணாகவும் இடமுண்டு.

பின்னணி எவ்வளவு தூரம் ஏமாற்றவல்லது என்பதற்கு ஓர் ஆராய்ச்சி சான்றாகும். 14 பயிர்களின் 54,306 இலைப்படங்கள் அடங்கிய ‘பிளாண்ட்வில்லேஜ்’ தொகுப்பைக் கொண்டு நோய்களை அறியப் பழக்கப்பட்ட யந்திரம், அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் 100க்கு 99க்கு மேல் சரியாகச் சொன்னது என்று 2016இல் வெளியிடப்பட்டது. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களில் அதுவே சுமார் 31 ஆகக் குறைந்தது. பின்னர் 2022இல் மற்றோர் ஆராய்ச்சியாளர், இலையையே காட்டாமல், அப்படங்களின் பின்னணியிலிருந்து 8 புள்ளிகளை மாத்திரம் கொடுத்தபோதும், யந்திரம் 100க்கு 49 சரியாகச் சொல்லக் கண்டார். அஃதாவது, யந்திரம் இலையோடு பின்னணியையும் சேர்த்துப் பாடம் செய்திருந்தது.

இடமும் வெளிச்சமும்

இதற்கென்று தனி அறையோ விலையுயர்ந்த விளக்கோ வேண்டுவதில்லை. நேர்வெயில் படாமல், ஒரு பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரமோ திண்ணையோ போதுமானது. பொதுவாக வடக்கு ஜன்னல் உத்தமம். ஆனால் தமிழ்நாட்டில் சித்திரைக் கடைசி முதல் ஆடி முடிய நண்பகலிலும் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால், அம்மாதங்களில் தெற்குப் பக்கத்தைத் தேர்ந்துகொள்க. வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டி அதைத் தணிக்கலாம்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில், பொருளுக்கு ஓர் அடி தூரத்தில் வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் நிழற்பக்கமும் தெளிவடையும். பகல் வெளிச்சத்தோடு மின்விளக்கு வெளிச்சமும் கலந்தால் பொருளின் இரு பக்கமும் இரு வர்ணமாகத் தோன்றுமாகையால், விளக்கை அணைத்துவிடுக. கைப்பேசியின் பிளாஷ் வெளிச்சம் பளபளப்பையும் கடுநிழலையும் உண்டாக்குமாதலின் அதுவும் வேண்டாம்.

பின்னணியின் வர்ணமும் தூரமும்

பொருளின் வர்ணத்துக்கு மாறான வர்ணமுள்ள, பளபளப்பில்லாத, சுருக்கமற்ற சார்ட் அட்டையே பின்னணிக்கு ஏற்றது. கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற கறுத்த அல்லது சிவந்த அரிசிக்கு வெள்ளை அட்டை பொருந்தும். கிச்சிலிச் சம்பாவின் வெண்மையான அரிசிக்குக் கருநீலம் நன்று. வெள்ளையில் வைத்தால் அரிசியின் ஓரமே மறைந்துபோகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்கு நீலம் அல்லது சாம்பல் வர்ணம் பொருத்தமாகும். சினிமாக்காரர் பச்சைத் திரையை உபயோகிக்கிறார்கள் என்று கருதி இலைகளுக்கும் காய்களுக்கும் பச்சையை வைத்தல் கூடாது. நோயுற்ற இலைக்கு, பச்சைக்கும் வைக்கோல் நிறத்துக்கும் ஒருங்கே மாறுபட்ட வெளிர் நீலமே தக்கது.

நிறுத்தி வைக்கும் பொருளுக்கும் பின்னணிக்கும் இடையே மூன்று அடியாவது இருத்தல் வேண்டும். நெருங்கியிருந்தால் பொருளின் நிழல் அட்டையில் விழும். அட்டையின் வர்ணமும் பொருளின் ஓரத்தில் சாயலாகப் படியும். பின்னணியை நீக்கியபின் அந்தச் சாயல் கோடுபோல் நின்று படத்தைக் கெடுக்கும்.

கண்ணாடிப் பலகை முறை

தானியம், விதை, இலை போன்று கிடத்தி வைக்கவேண்டியவற்றுக்கு ஒரு சுலபமான முறையுண்டு. ஒரே உயரமுள்ள இரண்டு முக்காலிகளின் மேல் சுத்தமான கண்ணாடிப் பலகையை வைத்து, அதற்கு ஓர் அடி கீழே வர்ண அட்டையை விரிக்கவும். பொருளைக் கண்ணாடிமேல் பரப்பி, நேர்மேலிருந்து படம் பிடிக்கவும். நிழல் கீழே விலகி விழுந்து மங்கிவிடும். விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் தெளிவாய்த் தோன்றும். கண்ணாடியில் கைப்பேசியின் பிரதிபிம்பம் தெரிந்தால், நடுவில் துவாரமிட்ட கறுப்பு அட்டையைக் கைப்பேசிக்கு முன்னே பிடித்துக்கொள்க.

கடினமான பொருள்கள்

தேன், எண்ணெய்ப் புட்டிகள் வழியே பின்னணி ஊடுருவித் தெரிவதால், பின்னணியை நீக்கினாலும் அதன் வர்ணம் புட்டிக்குள் தங்கிவிடும். லேபிள் எந்த வர்ணமோ அதே வர்ணத்தில், பெரும்பாலும் வெள்ளையில், படம் பிடித்தல் நலம். புட்டியின் இரு பக்கத்திலும் படத்தில் விழாத அளவு தள்ளிக் கறுப்பு அட்டைகளை நிறுத்தினால், கண்ணாடியின் ஓரங்கள் கருங்கோடாகத் தோன்றி எல்லை தெளிவுபடும்.

பித்தளை, எவர்சில்வர்ப் பாத்திரங்கள் சுற்றுப்புறத்தையெல்லாம் பிரதிபலிப்பன. அவற்றைச் சுற்றி வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டவேண்டும். பருத்தி, மக்காச்சோள நார், தேங்காய் நார் இவற்றின் மெல்லிய இழைகளை யந்திரம் அடிக்கடி வெட்டிவிடுமாகையால், ஒரே வர்ணமுள்ள பின்னணியில் நன்கு விலக்கி வைத்து, முடிவில் இழைகளைப் பெரிதாக்கிச் சோதித்தல் அவசியம்.

கைப்பேசியைக் கையாளும் முறை

1. முதலில் கண்ணாடிவில்லையை மெல்லிய துணியால் துடைக்கவும்.

2. மிக நெருங்கிப் பிடித்தால் முன்பாகம் பெருத்துத் தோன்றும். மூன்றடி விலகி நின்று, கைப்பேசியில் உள்ளபடி இரட்டிப்பு உருப்பெருக்கத்தை உபயோகிக்கவும்.

3. கைப்பேசியை மரப்பெட்டி அல்லது புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, சில விநாடி தாமதித்துப் படமெடுக்கும் டைமரை அமைத்தால் அசைவிராது.

4. பொருளின்மீது விரலை வைத்து அழுத்தித் தெளிவை நிலைப்படுத்தவும். வெள்ளைப் பின்னணியில் பொருள் இருண்டால் வெளிச்சத்தைச் சிறிது கூட்டவும். கறுப்புப் பின்னணியில் வெளுத்தால் குறைக்கவும்.

5. பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ முறையை விலக்குக. அது பொருளின் ஓரத்தையும் சேர்த்து மங்கச் செய்யும்.

6. பின்னணி நீங்கிய படத்தை பிஎன்ஜி வடிவில் சேமிக்கவும். ஜேபெக் வடிவில் நீங்கிய இடம் வெறுமையாய் நில்லாது. ஏதேனும் ஒரு வர்ணம் நிரம்பிவிடும். வாட்ஸ்அப் மூலம் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குன்றாது.

உண்மை குன்றலாகாது

ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) என்பார், தாவரங்களின் தளிர்களையும் விதைக்கூடுகளையும் வெறும் அட்டையின் முன் வைத்துப் பல்லாண்டுகள் படம் பிடித்தார். 1928இல் அவை நூலாய் வெளிவந்தபோது உலகம் வியந்தது. பின்னணி எளிமையாயிருந்தமையால் செடியின் வடிவமே பேசியது. பின்னணியை நீக்குவதன் நோக்கமும் இதுவே. பொருளை உள்ளபடி காட்டுவதே அன்றி, இல்லாத அழகை ஏற்றுவதன்று.

மஞ்சளின் வர்ணத்தைக் கூட்டியும், மாம்பழத்தின் புள்ளிகளை அழித்தும் படம் தயாரித்தால் முதல் விற்பனை நடக்கலாம். படத்தில் ஒன்றும் பொட்டலத்தில் ஒன்றுமாய்க் கண்டவர் மறுமுறை வாங்கார். நோய்ப்படமாயின், ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்து, பின்னணி நீக்காத மூலப்படத்தையும் வயலில் நிற்கும் பயிரின் படத்தையும் கட்டாயம் சேர்த்து அனுப்பவேண்டும்.

சார்ட் அட்டை இரண்டு, தெர்மோகோல் ஒன்று, கண்ணாடித் துண்டு ஒன்று, வேண்டுவன இவ்வளவே. இவ்வாரமே ஒரு பிடி அரிசியையோ ஓர் இலையையோ வைத்துப் பாயிலும் நீல அட்டையிலும் தனித்தனியே படம் பிடித்து, பின்னணியை நீக்கி, இரண்டின் விளிம்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.